கேட்டு

ஆஃபர் லெட்டர் வந்து பதினான்கு மாதம்.
சேரும் தேதி வரவில்லை.
சர்மா நகர் முழுக்க மோனிஷா கம்பெனிக்குப் போகிறாள் என்றே பேச்சு.
காலை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு இறங்குவாள்.
நூலகத்தில் ஃபேன் ஓடும் மூலையில் உட்கார்ந்து
சாயங்காலம் வரை
மெயிலைத் திறந்து திறந்து மூடுவாள்.

சவாரி இறக்க அந்தப் பக்கம் போனபோது
ஜன்னலில் தெரிந்தாள்.
ஹாரன் அடிக்காமல் ஆட்டோவைத் திருப்பினேன்.

எனக்கு அந்த மூலை பழக்கம்தான்.
இருபத்திரண்டு வயதில் சாந்தோமில் வரிசையில் நின்று
முன்னால் நின்றவனின் காலர் கிழிசலை மனப்பாடம் செய்தவன்.
எம்ப்ளாய்மெண்ட் அட்டை.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.
டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், தமிழும் இங்கிலீஷும்.
இப்போதும் சிக்னலில் நிற்கும்போது
விரல்கள் ஹாண்டில்பாரில்
யாருக்கோ விண்ணப்பம் தட்டுகின்றன.

ஒரு தடவை புதுப்பிக்கத் தவறினேன்.
சீனியாரிட்டி மொத்தமும் போனது.
மோனிஷா பிறந்த நேரம் அது.
குறைமாதம்.
ஆர்.எஸ்.ஆர்.எம். வராந்தாவில் தேதி கிழமை தெரியாமல் கிடந்தேன்.
இதை அவளிடம் சொன்னதில்லை.
சொன்னால் கடன்சீட்டு ஆகிவிடும்.

மில்லைப் பூட்டியபோது அப்பாவுக்கு இருபத்து மூன்று.
கேட்டால் நிறுத்தாமல் சொல்வார்.
கஞ்சித் தொட்டி, கொடி,
சங்கு ஊதாத காலையிலும்
கேட்டு முன்னால் தலை எண்ணியது.
ஒருத்தன் குறைந்தாலும் வீடு தேடிப் போவார்களாம்.
அம்மாவின் கொலுசு எந்த மாதம் அடகுக்குப் போனது என்பது
அந்தக் கதையில் வராது.

மழை ராத்திரி, கரண்ட் இல்லை.
போன் வெளிச்சம் முகத்தில் விழ
மோனிஷா தானாகவே சொன்னாள், எல்லாவற்றையும்.
ஏன் அன்றைக்கு என்று தெரியாது.

"பாத்துக்கலாம்மா" என்றேன்.
தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சத்தம் போடும்
தகர டப்பா அந்த வார்த்தை.

அப்பா இருட்டிலிருந்து கேட்டார்:
"உங்க கேட்டு எங்கம்மா கீது?"
"எந்த கேட்டு?"
"அதான், பூட்ன கேட்டு."
சிரித்தாள்.
"பூட்டல தாத்தா.
தொறந்துதான் கீது.
நாங்கதான் உள்ள இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.
சும்மா பார்க்கத்தான் என்றார் அப்பா.
பேசின் பிரிட்ஜ் தாண்டியும்
ஊர் நீண்டுகொண்டே போனது.
சோழிங்கநல்லூரில் கண்ணாடிக் கட்டடம்.
அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு
எதிரில் போய் நின்றார்.
செக்யூரிட்டி, ஒடிசாப் பையன், இருபது இருக்கலாம்,
தெரிந்த தமிழில் கேட்டான்:
"யார் வேணும்?"

அப்பாவிடம் பதில் இல்லை.
நாற்பத்தெட்டு வருடத்தில்
இதை நான் முதல் தடவையாகப் பார்க்கிறேன்.
திரும்பி வந்து,
"இங்க நின்னா யாருக்கும் தெரியாதுடா" என்றார்.
மோனிஷா துப்பட்டாவால் முகத்தை மூடி
ஆட்டோவை விட்டு இறங்கவே இல்லை.

வரும்போது கணேசபுரம் சப்வேயில் தண்ணீர்.
சுற்றிக்கொண்டு வந்தோம்.
பின்சீட்டில் விரல் தட்டும் சத்தம்.
அவளைப் போலவே தேதி கிடைக்காத முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள்,
ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.
அதில் எழுதினாளாம்:
"திங்கக்கிழமை பத்து மணிக்கு நேர்ல போய்
கேட்டுட்டு வரப்போறேன்.
யாராவது வர்றீங்களா?"

ராத்திரி வரை நான்கு கட்டைவிரல்.
ஒருவர் குழுவை விட்டு வெளியேறினார்.
தருமபுரியிலிருந்து ஒரு பெண்
கோயம்பேட்டில் இறங்கினால் எந்த பஸ் என்று கேட்டிருந்தாள்.

அது எனக்குத் தெரியும்.
அதை மட்டும் சொன்னேன்.